டெல்லிக்கு மலை ரொம்பப் பக்கம்

வெயில் ஏறத் தொடங்கியதும், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கஷ்மீரி கேட் பேருந்து நிலையமும் மஜ்னூ கா டீலாவும் வேறு முகம் கொண்டுவிடும். குர்காவ், நொய்டா அலுவலகங்களில் இருந்து மெட்ரோ பிடித்து நேராக வந்து சேரும் பிள்ளைகள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். முதுகில் அறுபது லிட்டர் பை. மணாலி வண்டி, டேராடூன் வண்டி, கசோல் வண்டி. விடிந்தால் மலை. சென்னையில் இருப்பவருக்கு இமயமலை என்பது ஒரு வருஷத் திட்டம். டெல்லிக்காரருக்கு அது ஒரு ராத்திரிப் பயணம். இந்த ஊரின் புழுதியையும் புகையையும் பொறுத்துக்கொண்டு நான் இத்தனை காலம் இங்கே இருப்பதற்கு, மலை இவ்வளவு பக்கத்தில் இருப்பதும் ஒரு காரணம். இப்போது என்னைப் பயமுறுத்துவதும் அதேதான்.

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, கேதார்கந்தா முடிச்சுட்டேன். ஒண்ணும் கஷ்டமா இல்ல. அடுத்து ஃப்ரெண்ட்ஷிப் பீக் போலாம்னு இருக்கேன். எட்டு நாள்ல முடிச்சுத் தர்றோம்னு சொல்றாங்க. போகலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. உத்தரகாண்டில் இருக்கும் கேதார்கந்தா சுமார் 12,500 அடி. சாங்க்ரி கிராமத்தில் இருந்து பனியில் நடந்து ஏறலாம், கவனமாக இருந்தால் போதும். மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரெண்ட்ஷிப் பீக் 5,289 மீட்டர், அதாவது பதினேழாயிரம் அடிக்கும் மேல். அங்கே பூட்ஸுக்கு அடியில் கூரிய பற்கள் உள்ள கிராம்பான் மாட்ட வேண்டும், கையில் ஐஸ் ஆக்ஸ் பிடிக்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். முதலாவது நடை, இரண்டாவது மலையேற்றம். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 5,000 அடி உயர வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை உடம்பு ஒத்துக்கொள்ள நாள் வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்த 'நாள்' பற்றித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போகாதே என்று சொல்ல நான் எழுதவில்லை. போக வேண்டும். வாழ்க்கையில் ஒரு முறையாவது பனிக்கோட்டுக்கு மேலே ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

நவம்பரில் டெல்லியில் காற்றுத் தரக் குறியீடு நானூறைத் தாண்டும் நாட்களில் தொண்டை எரியும், கண் எரியும், எதிர் வீட்டு மொட்டை மாடி தெரியாது. அப்படி ஒரு வாரம் கழிந்தபின் சாங்க்ரியில் வண்டியை விட்டு இறங்கி இழுக்கிற முதல் மூச்சை எந்த விளம்பரமும் மிகைப்படுத்திவிட முடியாது. தேவதாரு வாசமும், ஈர மண் வாசமும், யார் வீட்டிலோ எரியும் விறகின் புகையும் சேர்ந்து வரும். ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப மேலே இழுப்பது அது மட்டும் இல்லை. மேலே போகப் போக வேலைகள் சுருங்கிவிடும். தண்ணீர் உருக்கு. சாக்ஸைக் காயவை. அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார். நாள் முழுக்க நாற்பது விஷயங்களைத் தலைக்குள் சுமந்து திரிகிற ஒருவருக்கு, ஒரே ஒரு விஷயம் மட்டும் மீதமிருப்பது எப்பேர்ப்பட்ட விடுதலை!

உச்சிக்குக் கிளம்புவது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி. வெயில் பட்டால் பனி இளகிக் கால் புதையும், மேலிருந்து கல்லும் பனியும் சரியத் தொடங்கும். அதனால் பனி இறுகிக் கிடக்கும் நேரத்திலேயே ஏறி, உச்சிவெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். தலைவிளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். பேச்சு இருக்காது. பனியில் பூட்ஸ் அழுந்தும் சத்தமும் நம் மூச்சும்தான். பிறகு கிழக்கே வானம் வெளுக்கும். கேதார்கந்தா உச்சியில் இருந்து பார்த்தால் முதல் வெளிச்சம் ஸ்வர்காரோஹிணியின் மேலும் பந்தர்பூஞ்ச்சின் மேலும் விழும். ஊட்டியில் புல்லின் மேல் படிந்த உறைபனியைத் தவிர வேறு பனியே பார்த்திராத ஒரு திருநெல்வேலிப் பையன் அந்த இடத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அது ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றோ ராணுவத்தாரின் வேலை என்றோ ஒதுக்குவதும் சரியில்லை. இந்தியர்களின் மலையேற்றத்துக்குத் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1951-ல் 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூல் ஏறிய பயணம். ஏறிய குர்தயால் சிங் டேராடூனில் டூன் பள்ளி ஆசிரியர். பள்ளி விடுமுறையில் மலைக்குப் போனவர். நம் ஊரை எடுத்துக்கொண்டால், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டில் இருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண். அதற்குப் பிறகு நம் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளின் தொனியே மாறியிருக்கிறது. "பொண்ணுங்க போகலாமா?" என்பது போய், "எந்தக் கம்பெனி ஷூ வாங்கலாம்?" என்று வந்து நிற்கிறது. அதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

இனி உயரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். விந்திய மலைக்குத் தெற்கே எல்லாவற்றிலும் உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். உயர நோய் பற்றிக் கவலைப்படத் தொடங்க வேண்டிய உயரம் என்று மருத்துவர்கள் சொல்வது சுமார் 2,500 மீட்டர். ஆக, நம் நிலம் முடிகிற இடத்தில்தான் இந்தச் சங்கதியே ஆரம்பமாகிறது. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் மூங்கில் தடி ஊன்றி ஒரே ராத்திரியில் ஏறி இறங்கியவருக்குத் தொடை வலி தெரியும், பசி தெரியும், தூக்கம் கெடுவது தெரியும். அந்த அனுபவம் இமயத்திலும் உதவும். ஆனால் காற்று மெலிவது எப்படி இருக்கும் என்பதை வெள்ளியங்கிரியால் கற்றுத்தர முடியாது. பரம்பரை பரம்பரையாகச் சமவெளியிலும் கடலோரத்திலும் வாழ்ந்தவர்கள் நாம். இது பற்றி நம் பாட்டிகளிடம் ஒரு கைவைத்தியம்கூடக் கிடையாது.

மேலே ஆக்ஸிஜனின் விகிதம் குறைவதில்லை. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன்தான். குறைவது அழுத்தம். லே நகரத்தின் 3,500 மீட்டரில் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 5,500 மீட்டரில் பாதி, எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. இதைச் சமாளிக்க உடம்புக்கு வழி தெரியும். மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதைச் சிறுநீரகம் சரிசெய்யும். அதனால்தான் மேலே அடிக்கடி சிறுநீர் வருகிறது. பிறகு சிவப்பணுக்கள் பெருகும். முதல் வேலைக்குச் சில மணி நேரம் போதும், இரண்டாவதுக்குச் சில நாள், மூன்றாவதுக்குச் சில வாரம். உடம்பு தன் வேகத்தில் வேலை செய்யும். நம்முடைய ரிட்டர்ன் டிக்கெட் தேதி அதற்குத் தெரியாது.

அது முடிவதற்குள் நாம் மேலே போய்விட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, எதிலும் ஆர்வமின்மை. இதைத்தான் எல்லோரும் ஏஎம்எஸ் (அக்யூட் மவுண்டன் சிக்னஸ்) என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் நின்று ஒரு நாள் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மேலும் ஏறினால் இரண்டு விபரீதங்கள் நேரலாம். ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், இருமல் வரும், படுத்தால் நெஞ்சுக்குள் கொளகொளவென்று சத்தம் கேட்கும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். பெரும்பாலும் புதிய உயரத்தில் இரண்டாவது ராத்திரிதான் இது தலைகாட்டும். மற்றொன்று மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், கையுறையை மாட்டத் தெரியாமல் முழிப்பார்கள். ஒரு காலின் விரல் நுனியில் அடுத்த காலின் குதிகாலை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த நிமிஷமே கீழே இறக்க வேண்டும். ராத்திரி ஒரு மணியானாலும் சரி, மழையானாலும் சரி, விடியட்டும் பார்க்கலாம் என்பது கூடாது. ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஊசியும் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும். குணப்படுத்துவது இறக்கம்தான்.

இதையெல்லாம் உலகத்துக்குச் சொன்னதில் டெல்லிக்கு ஒரு பங்கு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த ஜவான்களை அவசர அவசரமாக எல்லைப்புற உயரங்களுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். குண்டு படாமலே பலர் விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரது குழுவினரும் அப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய கட்டுரை 1969-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. உயர நோய் பற்றிப் படிக்கிற எந்த மருத்துவரும் இன்றைக்கும் தொட்டுச் செல்கிற கட்டுரை. அதை எழுதியவர்களில் ஒருவர் டெல்லி எய்ம்ஸின் இதயநோய்த் துறையைக் கட்டியெழுப்பிய சுஜய் பி. ராய். அதே 1962-ல் தொடங்கிய பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் ஆய்வகம் டிபாஸ் இன்று திமார்பூரில் இருக்கிறது. மலைக்கு வண்டி கிளம்பும் மஜ்னூ கா டீலாவில் இருந்து கூப்பிடு தூரம். உயரத்தில் மனித உடம்புக்கு என்ன ஆகிறது என்று பல பத்தாண்டுகளாக ஆராய்கிற இடத்தைத் தாண்டித்தான் பிள்ளைகள் எட்டு நாள் திட்டத்தோடு பஸ் ஏறுகிறார்கள்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு இந்திய ராணுவம் ஒரு அட்டவணை வைத்துக்கொண்டது. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள். 12,000 முதல் 15,000 அடி வரை இன்னும் 4 நாள். அதற்கு மேலே போக இன்னும் 4 நாள். மொத்தம் 14 நாள். இருபது வயது ஜவானுக்கு, தினமும் ஓடிப் பழகியவனுக்கு, 14 நாள் கொடுக்கிறது ராணுவம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வருகிற நமக்கு, டெல்லியில் இருந்து போக வர இரண்டு நாளையும் சேர்த்து எட்டு நாள் போதும் என்று விளம்பரம் சொல்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

லே விமானம் இன்னும் மோசம். டெல்லி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 216 மீட்டர். காலையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,500 மீட்டர் உயரத்து ஊரில் இட்லிக்குப் பதில் தென்துக் என்ற லடாக்கி சூப்பைக் குடித்துக்கொண்டிருப்போம். 1962-ல் ஜவான்களுக்கு நேர்ந்த அதே வேகம், டிக்கெட் வாங்கி நமக்கு நாமே செய்துகொள்வது. ஸ்டோக் காங்ரி என்று 6,153 மீட்டர் உயரச் சிகரம் ஒன்று லே பக்கத்தில் இருக்கிறது. 'நடந்தே ஏறக்கூடிய ஆறாயிரம் மீட்டர்' என்று பெயர் வாங்கி, புதியவர்கள் குவிந்த மலை. தங்கள் குடிநீரும் பாசனமும் அந்த மலையின் பனியாற்றை நம்பி இருப்பதால், கூட்டம் தாங்காமல் ஸ்டோக் கிராமத்தார் கேட்டுக்கொண்டபடி 2020-ல் ஏறுவதை மூடினார்கள். சரியான முடிவு. ஆனால் அந்தக் கூட்டம் வீட்டுக்குத் திரும்பவில்லை. காங் யாட்சே, யூனாம் என்று வேறு சிகரங்களுக்குப் பிரிந்து போயிற்று.

"நான் ஃபிட்டா இருக்கேன்கா, ஹாஃப் மாரத்தான் ஓடுறேன்" என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் கதை நந்து ஜயாலுடையது. மேஜர் நரேந்திர தர் ஜயால். டூன் பள்ளியில் படித்தவர், ராணுவப் பொறியாளர் படையில் அதிகாரி. 1954-ல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது, எவரெஸ்ட் ஏறிய டென்சிங் களப்பயிற்சிக்குத் தலைமை ஏற்றார்; நிறுவனத்தின் முதல் முதல்வர் ஜயால்தான். 1955-ல் காமெட் சிகரம் ஏறியவர். அன்றைய இந்தியாவில் இமயத்தை இவர் அளவுக்கு அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்திருப்பார்கள். 1958-ல் சோ ஓயு சிகரத்துக்கு இந்தியக் குழு ஒன்று கிளம்பியது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரத்துக்கு இந்தியர்கள் தாங்களே நடத்திய முதல் பயணம். ஜயாலால் குழுவோடு சேர்ந்து கிளம்ப முடியவில்லை. பின்னால் கிளம்பி, முன்னால் போனவர்களை எட்டிப் பிடிக்க வேகவேகமாக ஏறினார். நுரையீரலில் நீர் கோத்து மலையிலேயே இறந்தார். வயது முப்பதை ஒட்டித்தான். பயணம் நிற்கவில்லை, அந்த மே மாதம் சோனம் கியாட்சோவும் பாசாங் தாவா லாமாவும் உச்சியை அடைந்தார்கள்.

அந்தப் பயணத்துக்காக 1957-ல் டெல்லியில் அமைத்த குழுதான் பிறகு நிரந்தரமாகி, 1961-ல் இந்திய மலையேற்ற அறக்கட்டளையாகப் பதிவானது. ஐஎம்எஃப் என்று நாம் சொல்வது அதைத்தான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்துக்குப் பக்கத்தில், பெனிட்டோ ஹுவாரெஸ் மார்க்கில், ஏறிப் பழகும் செயற்கைச் சுவரோடு இருக்கிற அதே இடம். நாட்டின் மலையேற்றத்தையே கவனிக்கிற அமைப்பின் பிறப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மரணம் நிற்கிறது. அந்த மரணத்துக்குப் பனிச்சரிவு காரணம் இல்லை, கால் வழுக்கியது காரணம் இல்லை. அவசரம். மலையைப் பற்றி அறியாதவரின் அவசரம்கூட இல்லை, எல்லாம் அறிந்தவரின் அவசரம். ஜயாலுக்கே மன்னிப்பு இல்லையென்றால் நம் ஹாஃப் மாரத்தான் பதக்கத்துக்கு என்ன மதிப்பு?

உடல் வலு உயர நோயைத் தடுக்காது என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வலு உள்ளவர்களுக்கு ஆபத்து சில நேரம் கூடுதல், ஏனென்றால் அவர்களால் வேகமாக ஏற முடியும். மணாலிக்கு மேலே ஒரு முகாமில் இதை நேரில் பார்த்தேன். குர்காவில் இருந்து வந்த இளைஞர், குழுவிலேயே நல்ல ஓட்டக்காரர். முதல் நாள் தலைவலியை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உச்சிக்கு அனுப்ப மாட்டார்களோ என்ற பயம். இரண்டாவது ராத்திரி கூடாரத்துக்குள் இருமல் ஆரம்பித்தது. 'குளிர்தான், காலையில் சரியாகிவிடும்' என்றார்கள் கூட இருந்தவர்கள். உத்தரகாசியில் இருந்து வந்திருந்த வழிகாட்டி, அதிகம் பேசாத மனிதர், கூடாரத்துக்குள் நுழைந்து அந்தப் பையனின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். வெளியே வந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். பத்தே நிமிஷத்தில் பையனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இருட்டில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். விடிவதற்குள் அறுநூறு, எழுநூறு மீட்டர் இறங்கிவிட்டிருந்தார்கள். மறுநாள் கீழே போய்ப் பார்த்தபோது பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை மேலே முகாமில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வழிகாட்டி இறங்கிப் போனதால் உச்சிப் பயணம் ரத்தாயிற்று. "பணம் கட்டியிருக்கோம், லீவு போட்டிருக்கோம், ஒருத்தனுக்காக எல்லாரும் ஏன் விடணும்?" என்று நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள். கெட்டவர்கள் கிடையாது. முந்தின நாள் அந்தப் பையனுக்குத் தங்கள் சாக்லேட்டைப் பங்கு போட்டவர்கள். கையில் மிச்ச நாள் ஒன்றுகூட இல்லாமல் வந்தவர்கள், அவ்வளவுதான். கூடுதலாக ஒரே ஒரு நாள் வைத்துத் திட்டம் போட்டிருந்தால் அவர்கள் வாயில் இருந்து அந்தச் சொற்கள் வந்திருக்காது.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2021 ஏப்ரலில் டெல்லி ஆக்ஸிஜனுக்குத் தவித்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்து சேர்ந்தது. 94-க்குக் கீழே போனால் அலறிய நாட்கள் அவை. இப்போது அதே கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போகிறார்கள். நாலாயிரம் மீட்டரில் 85 என்று காட்டினால் அது அந்த உயரத்துக்குச் சகஜமாக இருக்கலாம். அதைப் பார்த்துப் பதறுவார்கள். 90 காட்டுகிற ஒருவருக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். எண் நன்றாக இருக்கிறதே என்று மேலே ஏறுவார்கள். குளிர்ந்த விரலில் அந்தக் கருவி தவறாகவும் காட்டும். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆளைப் பாருங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, நேராக நடக்கிறாரா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா? டயமாக்ஸ் மாத்திரையும் அப்படித்தான். உடம்பு பழகுவதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், நாட்களுக்கு மாற்றாகாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

காற்று மட்டும்தான் எதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாண்டின் சஹஸ்ர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் இருந்த 22 பேர் குழு, சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் பனிப்புயலில் மாட்டியது. ஒன்பது பேர் இறந்தார்கள். டெல்லியில் அனல் பறந்த அதே வாரம். ஜூன் மாதத்தில் உறைந்து சாக முடியும் என்பதைச் சமவெளி மனம் நம்ப மறுக்கிறது. ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் போதும், உடம்புச் சூடு மணிக்கணக்கில் இல்லை, நிமிஷக் கணக்கில் இறங்கும். பருத்தி நம் ஊருக்கு வரம். மேலே அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளைக் கொல்லும்.

2022 அக்டோபர் 4. திரௌபதி கா டாண்டா-2, 5,670 மீட்டர். உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. இறந்த பயிற்சியாளர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே வருஷம் மே மாதம் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்டும் மகாலுவும் ஏறியவர். அங்கே அவசரம் இல்லை, அறியாமை இல்லை, கருவிகள் குறைவில்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் மலையில் ஒரு பங்கு ஆபத்து மிச்சம் இருக்கும். அதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று நினைக்கிறேன். "சும்மா ட்ரெக்கிங்மா" என்று சொல்லிவிட்டு 6,000 மீட்டர் போகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது? பெரும்பாலான உயரப் பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் போனை நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது. தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. ஒரு ஆள் ஓடிப்போய் சிக்னல் உள்ள இடத்தில் இருந்து சொல்லி, மாநிலப் பேரிடர் மீட்புப் படையோ விமானப் படையோ கிளம்பி, வானிலை இடம் கொடுத்து வந்து சேர்வதற்கு ஒரு பகல் போய்விடலாம், இரண்டும் போகலாம். ஆகவே உங்களை முதலில் காப்பாற்றப்போவது உங்கள் கூட இருக்கிற ஐந்தாறு பேர்தான். அவர்கள் யார் என்பது சிகரத்தின் பெயரைவிட முக்கியம்.

ஆகவே என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பனிச் சிகரம் ஏற ஆசை இருந்தால், முதலில் அடிப்படை மலையேற்றப் படிப்பை முடியுங்கள். உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி, பஹல்காம் என்று நாலு ஊர்களிலும் அரசு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஏறக்குறைய ஒரு மாதம். தனியார் பயணங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், ஆகவே இப்போதே விண்ணப்பியுங்கள். ஐஸ் ஆக்ஸை ஊன்றிச் சறுக்கலை நிறுத்துவது எப்படி என்பதைப் பனி மூடிய சரிவின் நடுவில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு மாதம் லீவு கிடைக்காது என்கிறீர்களா? கிடைக்கும்வரை நடைப் பாதைகளில் போங்கள். ஹாம்ப்டா, ரூபின், பாலி என்று ஒரு ஆயுளுக்குப் போதுமான கணவாய்கள் இருக்கின்றன. வார இறுதிகளில் ஃபரிதாபாத் பக்கம் தௌஜ் பாறைகளில் ஏறிப் பழகலாம். ஐஎம்எஃப் சுவர் இருக்கவே இருக்கிறது.

பயண நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உணவில் பனீர் உண்டா என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே, படுக்கிற இடம் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயராமல் திட்டம் போட்டிருக்கிறார்களா? மூன்று, நாலு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் உண்டா? மோசமான வானிலைக்கு என்று உபரி நாள் எத்தனை? வழிகாட்டி ஒருவரை இறக்கிக்கொண்டு போனால் மீதிப் பேரைப் பார்த்துக்கொள்ள இரண்டாவது வழிகாட்டி இருக்கிறாரா? உச்சியில் இருந்து எத்தனை மணிக்குக் கட்டாயம் திரும்புவார்கள்? சுமை தூக்குகிறவர்களுக்குக் காப்பீடும் பனிக்கான காலணியும் கொடுத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்புகிற நிறுவனத்தோடு நான் போவதில்லை. தங்கள் ஆட்களையே பார்க்காதவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள்?

இதைப் படிக்கிறவர்களில் அலுவலகத்தில் குழுக்களை நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் ஒரு பெண்ணோ பையனோ வந்து மலைக்குப் போகப் பதினாலு நாள் லீவு கேட்டால், "எட்டு நாளில் முடித்துவிட்டு வரக்கூடாதா?" என்று பேரம் பேசாதீர்கள். அந்த ஆறு நாளில் அவர்கள் படம் எடுத்துப் போடுகிற மாதிரி எதுவும் செய்யப்போவதில்லை. பத்தாயிரம் அடியில் ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள், பக்கத்து மேட்டில் ஏறி இறங்குவார்கள், புயல் அடித்தால் கூடாரத்துக்குள் சீட்டு விளையாடுவார்கள். லீவு விண்ணப்பத்தில் அந்த ஆறு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.